அலுமாரிக்குள் நின்றவர்

லண்டனில் துஷ்யந்தி என்றொரு இயக்குநர் இருந்தார். பெற்றோர் ஊர் யாழ்ப்பாணம். அவர் பிறந்தது லண்டனில். தொழில் பகிடிப் படம் எடுப்பது. உலகம் எதையெல்லாம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறதோ, அதை எடுத்துப் பகிடி பண்ணுவார். கம்பளக் கடையின் பின்பக்கக் கிடங்கில், சுருட்டி வைத்த கம்பளங்களை நீர்மூழ்கிக் கப்பலாக்கி ஒரு உளவாளிப் படம் எடுத்தார். பிறகு கொட்டுகிற மழையில், ஒரு மணல் குவாரியில், பாலைவனத்துக் குதிரைச் சண்டைப் படம். இரண்டுக்கும் சனம் வயிறு வலிக்கச் சிரித்தது.

அவரிடம் தொழில் கற்க வந்த இராசநாயகத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவை விடப் பதினேழு வயது மூத்த சீடன். முப்பது வருடம் லண்டனின் ஹரோப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுத்தவர். தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்குக் கை நடுங்குவதை முந்நூறு தடவையாவது பார்த்திருப்பார். ஒருநாள், இனி நான் எனக்குப் பிடித்ததை எடுக்கப் போகிறேன் என்று கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதையை இங்கே சொல்லாமல் விடுவது நல்லது.

துஷ்யந்தி அவரை அண்ணை என்பார். அவர் துஷ்யந்தியை டிரெக்டர் என்பார்.

இப்போது எடுத்துக்கொண்டிருந்தது பேய்ப் படத்துப் பகிடி. அதில் ஒரே ஒரு காட்சியை இராசநாயகத்திடம் கொடுத்தார்கள். பேய்க்குப் பயந்து ஒருவன் உடுப்பு அலுமாரிக்குள் ஒளிக்கிறான். பேய் வருகிறது, கதவுக்கு முன்னால் நிற்கிறது, போகிறது. அவ்வளவுதான். ஒளித்திருப்பவனை உள்ளே வைத்துப் படம் பிடிக்க அலுமாரியின் பக்கப்பலகையில் ஓட்டை வேண்டும். அந்த ஓட்டையை வெட்டச் சொன்னவரே இராசநாயகம்தான்.

அவர் ஒன்றையும் குறை வைக்கவில்லை. பேய்க்கு வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தி, காலில் முயல் செருப்பு மாட்டினார். ஒளிப்பவனாக நடித்த கிளைவ் என்ற நடிகரை, கண்ணை உருட்டி, நாக்கைத் தள்ளி, கமராவைப் பார்த்துக் கண்ணடிக்கச் சொன்னார். போதாததற்கு நடுவில் ஊதுகுழல் சத்தம் வேறு.

துஷ்யந்தியின் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த காட்சிகளைப் புதன்கிழமை இரண்டு மணிக்கு ஒரு நூலக மண்டபத்தில் அக்கம்பக்கத்துச் சனத்துக்குப் போட்டுக் காட்டுவார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் உண்டு. காட்சியை எடுத்தவர் சனத்தோடு உட்கார முடியாது. திரைக்குக் கீழே ஒரு கதிரை போட்டிருக்கும். திரைக்கு முதுகைக் காட்டி, சனத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் இருக்க வேண்டும். விளக்குப் போடும்வரை எழும்பக்கூடாது.

"பயமாயிருக்கோ அண்ணை?" என்று கேட்டார் துஷ்யந்தி.

"சீச்சீ. எனக்கென்ன பயம்? கல்யாண வீடுகளில ஆயிரம் பேருக்கு முன்னால நிண்டனான்."

"அங்க உங்களை ஒருத்தரும் பார்க்கேல்லை."

கதிரையில் இருந்தபோதுதான் அவருக்கு அது விளங்கியது. எதிரே அறுபது முகங்கள், திரையின் வெளிச்சத்தில் நீலமாக. தலைக்கு மேலே என்ன ஓடுகிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் அறிய வேண்டும். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. இந்தா கண்ணடிக்கப் போகிறான், இந்தா ஊதுகுழல்.

ஊதுகுழல் ஊதியது.

ஒரு முகமும் அசையவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தாள். பின்னால் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இராசநாயகம் தன்னையறியாமல் அவர்களைப் பார்த்துச் சிரித்தார், தலையாட்டினார். சிரியுங்கோவன், கொஞ்சமாவது சிரியுங்கோவன் என்று கண்ணால் கெஞ்சினார். ஒரு கிழவர் மாத்திரம் பாவம் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு குருவிடம் வந்தார்.

"டிரெக்டர், நான் எதில பிழை விட்டனான்?"

"அந்த மனுசன் ஏன் அலுமாரிக்குள்ள போனவர்?"

"பேய் வந்ததால."

"பேயிட்ட ஆம்பிட்டால் அது என்ன செய்யும்?"

"இது பகிடிப் படம்தானே டிரெக்டர். அது என்ன செய்யப் போகுது? ஒண்டும் செய்யாது."

துஷ்யந்தி வெறும் தேத்தண்ணிக் கோப்பை இரண்டை எடுத்து அடுக்கினார்.

"நாளைக்குக் காலமை பத்து மணிக்கு செட்டுக்கு வாங்கோ. அந்த அலுமாரிக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நில்லுங்கோ. நான் வந்து திறந்து முடிவைச் சொல்லுவன். அதுவரைக்கும் வெளியில வரப்படாது."

"என்ன முடிவு?"

"உங்களை வைச்சிருக்கிறதோ, வீட்டை அனுப்புறதோ எண்டு."

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு, சொன்னபடி அலுமாரிக்குள் போய் நின்றார். உள்ளே பழைய கோட்டுகளின் மணம். கதவிடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம். தூரத்தில் யாரோ மேசை இழுத்தார்கள், பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளை, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அலுமாரிக்குள் நிற்கிறேன் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. வெட்கம் ஐந்து நிமிடம்தான் நின்றது, பிறகு பயம் வந்தது. வீட்டை அனுப்பினால்? கடையை மூடியாயிற்று. கமராக்களையும் விற்றாயிற்று. இனி எந்த முகத்தோடு எந்த மண்டபத்துக்குப் போவது? இந்த வயதில் இதையும் செய்யத் தெரியவில்லை என்றால், இவ்வளவு காலமும் மனதுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது என்ன?

காலடிச் சத்தம் கேட்டது.

மெதுவாக வந்தது. அலுமாரிக்கு முன்னால் நின்றது. மூச்சைப் பிடித்தார். கதவு திறக்கவில்லை. காலடி திரும்பிப் போனது.

பத்து நிமிடம் கழித்து மறுபடியும் வந்து, நின்று, போனது.

மூன்றாம் தரமும் வந்து நின்றது. கதவு திறந்தது.

துஷ்யந்தி நின்றார். கையைக் கொடுத்து அவரை வெளியே இறக்கினார்.

"என்ன முடிவு டிரெக்டர்?"

"வந்து பாருங்கோ."

அலுமாரியின் பக்கவாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓட்டைக்குப் பின்னால் கமரா இருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தான் வெட்டச் சொன்ன ஓட்டையைத் தானே மறந்துபோயிருந்தார் மனிதர்.

சின்னத் திரையில் தன்னைப் பார்த்தார். நாற்பது நிமிடம். காலடி வருகிறபோதெல்லாம் அந்த மனிதர் தொப்பையை உள்ளே இழுக்கிறார். தலைமயிரை எச்சில் தொட்டுப் படிய வைக்கிறார். சாத்தியிருக்கிற கதவைப் பார்த்து மரியாதையாகச் சிரிக்கிறார். "டிரெக்டர், நான் ஒண்டு சொல்லட்டே" என்று குசுகுசுக்கிறார், பிறகு தலையாட்டி அதை வேண்டாமென்று விடுகிறார். தோள் பட்டு, கோட்டு மாட்டுகிற தொங்கி ஒன்று கலகலக்கிறது. அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, அதனிடம் "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்கிறார். காலடி போனதும் தொப்பை மெல்ல வெளியே வருகிறது. மூன்றாம் தரம், யாரோ ஒரு பெண்ணின் மயிர்க்கோட்டுக்குள் முகத்தைப் புதைத்து, அதன் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லூரானே" என்று முருகனைக் கூப்பிடுகிறார்.

இராசநாயகத்துக்குக் காது இரண்டும் சுட்டது.

"இதை நிப்பாட்டுங்கோ."

துஷ்யந்தி நிறுத்தினார்.

"இதைச் சனத்துக்குக் காட்டப் போறீங்களோ?"

"நீங்கள் சொன்னால்தான். வேண்டாமெண்டால் இப்ப, உங்கட கண்ணுக்கு முன்னால அழிப்பன்."

"அழிச்சால்?"

"இஞ்ச இருக்கலாம். வயர் சுத்தலாம், தேத்தண்ணி போடலாம். ஒருத்தரும் உங்களைப் போகச் சொல்லமாட்டினம். ஆனால் இனிப் படம் எடுக்கத் தரமாட்டன்."

"வேற நடிகரை வைச்சு இதையே எடுக்கலாமே. கிளைவ் செய்வார்."

"கிளைவுக்கு வீட்டை அனுப்பிப்போடுவினம் எண்ட பயம் இல்லை அண்ணை."

இரண்டு நாள் அவர் முடிவு சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்தார். முகம் சவரம் செய்திருக்கவில்லை.

"போடுங்கோ," என்றார். "அந்தக் கதிரையில மட்டும் வேற ஆரையும் இருத்துங்கோ."

"எடுத்தவர்தான் இருக்கவேணும்."

"நான் எடுக்கேல்லையே. என்னையெல்லோ எடுத்தது."

"அப்ப கட்டாயம் இருக்கவேணும்."

அடுத்த புதன்கிழமை இரண்டு மணிக்கு மறுபடியும் அந்தக் கதிரை, மறுபடியும் அறுபது முகம். வேறு சனம், அதே பிஸ்கட். முயல் செருப்புப் பேயை நீக்கியாயிற்று. ஊதுகுழலையும் நீக்கியாயிற்று. துஷ்யந்தி அதில் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான்: வெறும் காலடிச் சத்தம்.

அந்தச் சத்தம் அவருடைய முதுகுக்குப் பின்னால் கேட்டது. மெதுவாக வந்தது. அது ஒலிப்பெட்டியில் வருவது என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? உள்ளங்கை வேர்த்தது. முன்வரிசையில் ஒரு தடித்த மனிதர் பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே அந்தரத்தில் வைத்திருந்தார். மண்டபத்தில் இருமல்கூட இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று இராசநாயகத்தின் உள்ளுக்குள் ஏதோ இடிந்து விழுந்தது.

காலடி நின்றது.

தொங்கி கலகலத்தது. "சொறி, சொறி."

யாரோ மூக்கால் ஒரு சத்தம் போட்டார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சத்தம். இன்னொருவர். பிறகு நடுவரிசை முழுவதும். அந்த நேரத்தில்தான் முன்வரிசைத் தடித்தவர் கண்ணைத் திரையிலிருந்து கீழே இறக்கினார். இறக்கியவர் அப்படியே உறைந்துபோனார். திரையில் இருக்கிற அதே முகம், திரைக்குக் கீழே கதிரையில் இருந்தது. மேலே அந்த முகம் தொப்பையை இழுத்துப் பிடித்துத் தலைமயிரைப் படிய வைத்தது. கீழேயும், தான் செய்வது தெரியாமலே, அது அதையேதான் செய்துகொண்டிருந்தது.

தடித்தவர் பக்கத்தில் இருந்த பெண்ணை முழங்கையால் இடித்தார். அவள் பார்த்தாள். அவள் அடுத்தவரை இடித்தாள். வரிசை வரிசையாக அறுபது முகமும் திரையை விட்டு இராசநாயகத்திடம் இறங்கின. மண்டபம் இடிகிற மாதிரிச் சிரித்தார்கள். கண்ணீர் வரச் சிரித்தார்கள். ஒருவர் கதிரையோடு சரிந்து விழப் பார்த்தார்.

இராசநாயகம் எழும்பி ஓடப் பார்த்தார். விளக்குப் போடவில்லை. கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். முப்பது வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்ட சிரிப்பு இதுதான். அது தன் மேலேயே வந்து விழும்போது இப்படிக் குலை நடுங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

விளக்குப் போட்டார்கள்.

மண்டபத்து வாசலில் துஷ்யந்தி நின்றார். இராசநாயகம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"காட்சி படத்தில நிக்குது," என்றார் துஷ்யந்தி. "அடுத்த கிழமையில இருந்து அந்தப் பேய் வீட்டுக்குள்ள நடக்கிற எல்லாக் காட்சியும் உங்களுக்குத்தான்."

சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவர்கள், இராசநாயகத்தைக் கடக்கும்போது ஏனோ அமைதியானார்கள். ஒரு பெண் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். இன்னொருவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு போனார். முன்வரிசைத் தடித்தவர் அவரைக் கண்டதும் சட்டென்று நேராக நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, மற்றப் பக்கம் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

"டிரெக்டர்."

"ம்."

"உள்ள அப்பிடிச் சிரிச்ச சனம், இப்ப ஏன் ஒருத்தரும் என்ர முகத்தைப் பார்க்குதில்லை?"

துஷ்யந்தி கடைசி ஆளும் வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாங்களும் அலுமாரிக்குள்ள நிக்கிறதை ஆரும் இன்னும் கண்டுபிடிக்கேல்லை எண்டுதான் அவை உள்ள சிரிச்சவை, அண்ணை. கிட்ட வந்தால் நீங்கள் கண்டிடுவீங்கள்."