ராஜா மீசைக்கு இட்ட கட்டளை

வெகு காலத்துக்கு முன்னால், நெல்லிமலை நாட்டைச் சித்திரகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடந்தாக வேண்டும். மழை தாமதமானால் மேகத்துக்கு ஓலை அனுப்பச் சொல்லுவார்.

அவருடைய ராணி உமையாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அடுத்து ஒரு விஷக் காய்ச்சலும் வந்து போனது. குழந்தை பிறந்து சில மாதங்களில் ராணிக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது, குளித்தால் கால்வாயில் போனது. வகிடு நாளுக்கு நாள் அகலமானது. ராணி அரசவைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. யார் எந்த வைத்தியம் சொன்னாலும் அன்றே செய்யச் சொன்னார். திங்கட்கிழமை வெங்காயச் சாறு, செவ்வாய்க்கிழமை வேப்பெண்ணெய், அடுத்து யாரோ சொன்ன மிளகு விழுது. ராணியின் தலை தீயாக எரிந்ததுதான் மிச்சம்.

அரண்மனை அதிகாரி வீரவிடங்கருக்கு மந்திரி பதவி மேல் நெடுநாளாக ஒரு கண். ஒருநாள் அவர் சபையில் எழுந்தார்.

"அரசே, நவராத்திரிக்கு அண்டை நாட்டவர் எல்லாம் வருவார்கள். ராணியார் கொலுவில் அமராவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஊரில் உள்ள கன்னிப் பெண்களின் பின்னலை வெட்டி வாங்கினால், நல்ல சவுரியாகக் கட்டிவிடலாம்."

"அருமையான யோசனை" என்றார் ராஜா.

மந்திரி கூத்தபிரான் குறுக்கிட்டார். "அரசே, ஒரு பெண்ணின் வருத்தத்தைப் போக்க ஊர்ப் பெண்களை எல்லாம் அழ வைப்பதா?"

வீரவிடங்கர் சிரித்தார். "அப்படியானால் மந்திரியாரே வளர்த்துக் காட்டட்டுமே. எல்லாம் தெரிந்தவராயிற்றே."

ராஜாவுக்கு அதுவும் பிடித்துப்போனது. "சரி. நவராத்திரிக்குள் ராணியின் கூந்தல் வளர வேண்டும். இல்லாவிட்டால் பின்னல்களை வெட்ட வேண்டியதுதான். உம்முடைய பதவியும் வீரவிடங்கருக்கு."

மந்திரி நேராக அந்தப்புரத்துக்குப் போனார். மருந்து எதையும் கொண்டுபோகவில்லை.

"அம்மா, எல்லாரும் உங்களுக்கு வைத்தியம் சொன்னார்கள். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா?"

ராணி இல்லை என்று தலையசைத்தாள். பிறகு சொன்னாள். "காலையில் கண் விழித்ததும் தலையணையில் எவ்வளவு முடி என்றுதான் பார்க்கிறேன். அப்புறம்தான் குழந்தையைப் பார்க்கிறேன். முடி போனதைவிட அதுதான் எனக்கு அழுகையாக வருகிறது. வெறும் முடிக்கு இவ்வளவா என்று நீங்கள் நினைக்கலாம்."

"நினைக்க மாட்டேன் அம்மா. எங்கள் இரண்டாவது மகள் பிறந்தபோது என் வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் ஆனது. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள்."

"திரும்ப வளர்ந்ததா?"

"வளர்ந்தது. ஒரு வருஷம் ஆயிற்று. பழைய அடர்த்தி வரவில்லை, ஆனால் வந்தது. மருத்துவச்சியைக் கேட்டோம். எரிகிற விழுதெல்லாம் வேண்டாம், இறுக்கிப் பின்ன வேண்டாம், கீரையும் கேழ்வரகும் முட்டையும் சாப்பிட்டு நன்றாகத் தூங்கு என்றாள்."

"நவராத்திரிக்குள் வளராதே, மந்திரியாரே."

"வளராது. அதை ராஜாவுக்குப் புரிய வைப்பது என் வேலை. நீங்கள் இன்றைக்குத் தலையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்."

நவராத்திரி நெருங்கியது. ராஜா சபையில் மந்திரியைப் பார்த்து, "என்ன ஆயிற்று?" என்றார்.

"மருந்து தயார், அரசே. ஒரே ஒரு பொருள் குறைகிறது. தங்கள் மீசையில் ஒரு முடி வேண்டும். ஆனால் அது ஒரு முழம் நீளம் இருக்க வேண்டும். நாளைக் காலைக்குள் வளரும்படி தாங்களே அதற்குக் கட்டளை இட்டால் போதும்."

ராஜா மீசையை முறுக்கிவிட்டுக் கம்பீரமாகக் கட்டளை இட்டார். மறுநாள் சபையில் மந்திரி அளவுகோலோடு நின்றார். மீசை நேற்று இருந்தபடியே இருந்தது.

"அரசே, இது தங்கள் முகத்திலேயே இருக்கிறது, தங்கள் சோற்றைத் தின்றே வளர்கிறது. தங்கள் கட்டளையை இதுவே கேட்கவில்லை. ராணியாரின் கூந்தல் என் பேச்சை எப்படிக் கேட்கும்?"

ராஜா மீசையைத் தடவிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

வீரவிடங்கர் விடவில்லை. "இது வெறும் பேச்சு சாமர்த்தியம், அரசே. பின்னல்களை வெட்ட உத்தரவிடுங்கள்."

"வெட்டலாமே" என்றார் மந்திரி. "சபையில் இருக்கும் ஆண்களுக்கும் நீளக் குடுமி இருக்கிறது. யோசனை சொன்னவரிடமிருந்தே ஆரம்பிக்கலாம்."

"நியாயம்" என்றார் ராஜா. "வீரவிடங்கரே, தலைப்பாகையைக் கழற்றும்."

வீரவிடங்கர் இரண்டு கைகளாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியது. பக்கவாட்டில் தொங்கிய குடுமி, அதில் தைத்து வைத்ததுபோல், தலைப்பாகையோடு சேர்ந்து நகர்ந்தது. சேவகன் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"கழற்றும் என்றேன்."

அப்போது திரை விலகியது. ராணி உமையாள் முக்காடு இல்லாமல், மெலிந்த கூந்தலைச் சின்ன முடிச்சாகப் போட்டுக்கொண்டு சபைக்குள் வந்தாள். எல்லார் கண்ணும் அவள் தலை மேல் போனது. ஆனாலும் அவள் நிற்கவில்லை.

"அவர் தலைப்பாகை அவர் தலையிலேயே இருக்கட்டும்" என்றாள். "நாலு பேர் முன்னால் தலையைக் காட்டுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்."

வீரவிடங்கரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அந்தப் பெண்களின் பின்னல் வேண்டாம், தாயே. நான் சொன்னது தப்பு" என்றார் மெதுவாக.

ராஜா அரியணையை விட்டு இறங்கி வந்தார். மந்திரிக்குத் தம் கையில் இருந்த கங்கணத்தைக் கழற்றிப் போட்டார். பிறகு ராணியின் பக்கம் திரும்பினார்.

"ஊரெல்லாம் வைத்தியம் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. உனக்கு என்ன வேண்டும், சொல்."

"இன்று ராத்திரி குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றாள் உமையாள். "நான் தூங்க வேண்டும்."

மறுநாள் உச்சிப்பொழுதுக்குப் பிறகுதான் சபை கூடியது. ராஜா தோளில் பால் கறையோடு, கொட்டாவி விட்டபடி வந்து உட்கார்ந்தார். ராணி இன்னும் எழுந்திருக்கவில்லை, யாரும் சத்தம் போட வேண்டாம் என்றார்.