சாமி நுழையாத தெரு

ராஜாவுக்குக் கோபம் வந்தால் ஊரே இடம் மாற வேண்டியிருந்த அந்தப் பழைய நாளில், கோடைமங்கலம் என்னும் நகரத்தை வீரகேதனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் எதையும் சரிசெய்யும் பொறுமை அவனுக்குக் கிடையாது. குளம் நாறினால் அதை மூடிவிட்டு வேறு குளம் வெட்டச் சொல்வான். எச்சில் இலையும் காய்கறித் தோலும் வாய்க்கால் வழியே குளத்துக்குத்தான் போயின. புதுக்குளமும் அதே வாய்க்காலில்தான் நிரம்பியது. அது மட்டும் மணக்குமா என்ன?

அந்தக் கோடையிலும் நாற்றம் கிளம்பியது. அரண்மனை மேலாளர் கங்காதரராயர் சபையில் முந்திக்கொண்டார்.

"அரசே, நெசவாளர் தெருவை எடுத்துவிட்டால் அங்கே அருமையான குளம் வெட்டலாம்."

அந்தத் தெருவுக்கு எதிரில்தான் தனக்கு ஒரு மாளிகை எழும்பிக்கொண்டிருக்கிறது என்பதை ராயர் சொல்லவில்லை. குளத்துக் காற்று சும்மா வந்தால் கசக்குமா?

"வெட்டிவிடுங்கள்" என்றான் ராஜா.

மந்திரி அம்பலவாணர் எழுந்தார். போன குளத்துக்காக வீட்டை விட்டு வந்தவர்கள்தான் இப்போது அந்தத் தெருவில் இருந்தார்கள். அவர்களில் மூத்தவளான பூவாத்தாள், ராயரின் ஆட்கள் தெருவை அளந்துவிட்டுப் போனதைக் கண்டு, அன்று காலையில்தான் அவர் வாசலில் நின்று கேட்டிருந்தாள். "தறியைக் கழட்டித் தூக்கிட்டுப் போயிடலாம், மந்திரி ஐயா. தறிக்குழியை எப்படித் தூக்கிட்டுப் போறது? ஒருதரம் விட்டுட்டு வந்தது போதாதா?"

அம்பலவாணருக்கு இன்னொன்றும் தெரியும். ஊரிலேயே அதிகமாகக் குப்பை தள்ளுவது அரண்மனை மடைப்பள்ளி. ஆனால் ராஜாவின் முகத்துக்கு நேரே குறை சொன்ன முந்தைய மந்திரி, இப்போது எல்லைக்கோட்டையில் யானைகளுக்குக் கவளம் உருட்டுகிறார்.

"அரசே, ஆவணித் திருவிழா வரை பொறுங்கள். அதற்குள் குளம் தெளியாவிட்டால் தெருவோடு என் பதவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஓர் ஆணை மட்டும் வேண்டும்."

"என்ன ஆணை?"

"சாமி பல்லக்கைச் சுமப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். எந்தத் தெருவில் கால் வைக்க அவர்களுக்குக் கூசுகிறதோ, அந்தத் தெருவுக்குள் சாமி வராது. அங்கே மண்டகப்படியும் கிடையாது."

சபை அதிர்ந்தது. சாமியைத் தன் தெருவில் நிறுத்திப் பூஜை செய்து ஊருக்கே பிரசாதம் கொடுக்கும் உரிமையல்லவா மண்டகப்படி! அதை இழந்த தெருவுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள்.

ராயருக்கோ உள்ளூரக் குளிர்ந்தது. பாவு நூலுக்குப் போடும் கஞ்சித் தண்ணீர் வழிந்தோடுகிற நெசவாளர் தெருதானே முதலில் மாட்டும்? "அற்புதமான ஆணை, அரசே. யாருக்கும் விலக்கு இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மந்திரி இளகிய மனசுக்காரர்."

"ராயர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று தலைகுனிந்தார் அம்பலவாணர். ராஜா தலையசைத்ததும் ஊரெங்கும் தமுக்கடித்துச் சொன்னார்கள்.

நெசவாளர் தெருவில் அன்றே மண்வெட்டி எடுத்தார்கள். கஞ்சித் தண்ணீரைக் கொல்லைப்புற வாழைக்குத் திருப்பினார்கள். நல்ல இலை ஆட்டுக்குப் போயிற்று, மிச்சம் எருக்குழிக்குப் போயிற்று, எரு பூசணிக்கொடிக்குப் போயிற்று. எண்ணெய்க்காரர் தெருக்காரர்கள் வேவு பார்க்க வந்து, பூசணி விதை கேட்டு வாங்கிப் போனார்கள். தெருவுக்குத் தெரு சண்டையும் நடந்தது. "உன் சாம்பல் எங்க பக்கம் வருதே" என்று பக்கத்துத் தெருவோடு பேச்சு வார்த்தை இல்லாமல் போனவர்களும் உண்டு.

இதையெல்லாம் நடந்து பார்த்த அம்பலவாணருக்கு வெட்கமாக இருந்தது. இந்த ஜனங்கள் அழுக்கில் ஆசைப்பட்டா இருந்தார்கள்? வாசலைத் தாண்டித் தெருமுனை திரும்பிய குப்பை யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். தன் கண்ணிலும்தான் இத்தனை வருஷம் படவில்லையே.

ஊர் வாய்க்கால் தெளிந்தது. குளம் மட்டும் தெளியவில்லை. "மந்திரி மூட்டை கட்டலாமே" என்று ராயர் சிரித்தார்.

திருவிழா மாலையும் வந்தது. முதல் மண்டகப்படி வழக்கப்படி ராஜவீதிக்கு. ஆணையெல்லாம் ஊர் ஜனங்களுக்கு என்றே நினைத்திருந்த ராயர், வீதியெங்கும் பன்னீர் தெளித்து, குறுக்கே ஓடும் சாக்கடை தெரியாமல் அதன்மேல் பூவைப் பரப்பி வைத்திருந்தார். அரண்மனைப் படியில் ராஜாவும் மந்திரியும் காத்திருக்க, பல்லக்கு ராஜவீதிக்குள் திரும்பியது. முன்னால் தோள் கொடுத்த முத்திருளன் பூவின்மேல் கால் வைத்தான். கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று.

மெதுவாகக் காலை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"ராஜா மன்னிக்கணும். கால் கூசுது."

"இது ராஜவீதிடா" என்று உறுமினார் ராயர்.

"தெரியும் சாமி. யாருக்கும் விலக்கு இல்லேன்னுதானே தமுக்கடிச்சாங்க?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். அம்பலவாணர் கைகட்டி முன்னால் வந்தார்.

"ஆணை உங்களுடையது, அரசே. வேண்டுமானால் இப்போதே மாற்றலாம்."

ராஜா இறங்கிப்போய்க் கையாலேயே பூவை ஒதுக்கினான். நேற்றைய விருந்தின் இலைகள் கறுத்துக் கிடந்தன.

"இது என் வீட்டு இலைதானே?"

"ஆமாம், அரசே."

"குளத்தில் கிடப்பதும்?"

"பெரும்பாலும் அதுதான். இந்தச் சாக்கடை நேரே குளத்தில்தான் விழுகிறது."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால்?"

ராஜா கையில் ஒட்டிய பூவை உதறினான். "உம்மையும் யானைகளிடம் அனுப்பியிருப்பேன்" என்றான். பிறகு ராயரின் பக்கம் திரும்பினான். "ராயரே, விலக்கு வேண்டாம் என்றது நீர்தானே? இந்த வீதி சுத்தமாகும் வரை தினமும் காலையில் இதில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து, எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லும். மந்திரியாரே, எந்தத் தெருவையும் எடுக்க வேண்டாம். இருக்கிற குளத்தைத் தூர்வாருங்கள். யானைகளிடம் இருப்பவரையும் வரச் சொல்லுங்கள்."

பல்லக்கு நெசவாளர் தெருவுக்குத் திரும்பியது. ராஜா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தான். அங்கே தீபாராதனை முடிந்ததும், எல்லோருக்கும் கொடுத்ததுபோல் அவனுக்கும் இலையில் பொங்கல் கொடுத்தாள் பூவாத்தாள். ராஜா சாப்பிட்டு முடித்தான். இலையை வாங்கிக்கொள்ள அங்கே சேவகன் யாரும் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தபடி, கையில் இலையோடு நின்றான்.

"குழி கொல்லைப்பக்கம் இருக்கு, மகாராஜா. வாங்க, காட்டுறேன்" என்றாள் பூவாத்தாள்.

ராஜா எச்சில் இலையை மடித்துப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போனான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.