ஆறு வைத்த ஒப்பம்

முன்னொரு காலத்தில், பெரிய ஆறு பாயும் நாடு ஒன்றை ஆண்ட ராசாவுக்கு ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. எந்தக் காரியமானாலும் சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் ஒப்பம் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அரண்மனைத் தொழுவத்தை இடம் மாற்றியபோது, மாட்டின் குளம்பை மையில் தோய்த்துத் துணியில் பதித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ராசாவுக்கு ஒரு நாள் வெள்ளப் படத்தின் ஞாபகம் வந்தது. ஆறு பெருகினால் எதுவரை ஏறும் என்று அவருடைய பாட்டனார் காலத்தில் எழுதிய படம் அது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு கட்டலாம், அந்தப் பக்கம் கூடாது. இடையில் கரை உடைந்து ஆறு தடம் மாறிவிட்டது. படம் மட்டும் மாறவில்லை. புதிதாக எழுதச் சொன்னார்.

வேலை பிரதானி அம்பலவாணருக்கும் அளவைத் தலைவர் சேந்தனாருக்கும் போனது. அரண்மனை அளவைக்காரர்கள் கூடாரத்தோடு கிளம்புவது எப்போதும் சித்திரையில்தான். அப்போதுதான் வண்டி சேற்றில் புதையாது, மாம்பழமும் கிடைக்கும். சித்திரையில் ஆறு எங்கே இருக்கும்? நடு மணலில் வாய்க்கால் போலச் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்து அளந்து, கரையோரத்துப் பள்ளக்கொல்லை முழுவதையும் காய்ந்த நிலம் என்று எழுதிவிட்டார்கள்.

சும்மா எழுதவில்லை. பள்ளக்கொல்லையை ஒட்டிச் சூளைமேடு இருந்தது. செங்கல் அறுக்கும் குடும்பங்கள் அங்கே குடியிருந்தன. அந்த மேட்டில் மாளிகை கட்டப் பிரதானிக்கு நெடுநாள் ஆசை. புதுப் படம் நிறைவேறினால் சூளைக்காரர்களைப் பள்ளத்துக்கு இறக்கிவிட்டு மேட்டை எடுத்துக்கொள்ளலாம்.

அரசவை விகடகவி இடும்பன் அந்த மேட்டில் பிறந்தவன். சிறு வயதில் செங்கல் சுமந்து சுமந்து அவன் உச்சந்தலை தட்டையாகிப் போயிருந்தது. விஷயம் காதில் விழுந்ததும் பள்ளக்கொல்லையைச் சுற்றிப் பார்க்கப் போனான். காய்ந்த நிலத்தில் இத்தனை நத்தை ஓடு எப்படி வந்தது? கருவேல மரத்தில், கை எட்டாத உயரத்தில், ஒரு கிழிந்த பாய் எப்படித் தொங்குகிறது? நத்தை ஓடுகள் கிடந்த வழியைப் பிடித்துக்கொண்டே நடந்தான். அவை ஆற்றுப் பக்கம் போகவில்லை; பின்பக்கத்துக் கோரைப்பள்ளத்தில் கொண்டுபோய் விட்டன. ஓகோ, ஆறு முதுகுப் பக்கமாக வருகிறதா என்று வியந்துபோய் நின்றான்.

சூளைமேட்டில் செங்கல் அறுக்கும் பேச்சாயி மண் மிதித்துக்கொண்டிருந்தாள். புதுப் படத்தில் நீங்களுமா ஒப்பம் வைத்தீர்கள் என்று இடும்பன் கேட்டான்.

"வச்சமா? பெருவெரலப் புடிச்சு மையில அமுக்கிட்டுப் போயிட்டாங்க தம்பி," என்றாள் அவள், மிதிப்பதை நிறுத்தாமல். "அந்தப் பள்ளத்துல குடிவச்சா புள்ளைங்கள எந்த மரத்துல கட்டித் தொங்கவிடறது? நீ ராசாவச் சிரிக்க வைக்கிறியாமே. அப்படியே இதையும் சொல்லிப் பாரு."

படம் நிறைவேறும் நாளில் இடும்பன் எழுந்தான். பள்ளக்கொல்லைக்கு வந்துபோகிறவர் ஒருவர் இன்னும் ஒப்பம் வைக்கவில்லையே என்றான். யாரது என்று ராசா பதறினார்.

"ஆறு, அரசே."

சபை சிரித்தது. பிரதானி மட்டும் சிரிக்கவில்லை. இவனைத் தொலைக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று கண்டுகொண்டார். "மாடு ஒப்பம் வைத்த நாடுதானே இது, அரசே? ஆற்றின் ஒப்பத்தை இடும்பனே வாங்கித் தரட்டும். ஐப்பசி முடிவதற்குள் வாங்காவிட்டால் படம் நிறைவேறட்டும், இவனும் சபையை விட்டுப் போகட்டும்."

ராசாவுக்கு யோசனை கற்கண்டாக இனித்தது. இடும்பன் சம்மதித்து, பழைய முறையை ஞாபகப்படுத்தினான். சபைக்கு வர இயலாத பெரியவர்களிடம் படம்தான் போக வேண்டும். முன்பே ஒப்பம் வைத்த அதிகாரிகள் படத்தைச் சுற்றி உட்கார வேண்டும். ஒப்பம் விழும்வரை தினமும் பகல் முழுவதும் எழக்கூடாது.

"ஆற்று மணலில் உட்காரச் சொல்கிறாயா?" என்று சீறினார் பிரதானி.

"கால் நனையுமே, ஐயா. தாங்கள் காய்ந்த நிலம் என்று எழுதிய பள்ளக்கொல்லையிலேயே ஜமக்காளம் விரித்துவிடுகிறேன்."

பிரதானி சம்மதித்தார். மாட்டேன் என்றால் தம் ஒப்பத்தைத் தாமே பொய்யென்று சொன்னதாகிவிடும்.

ஐப்பசி பிறந்தது. பகலெல்லாம் அதிகாரிகள் பள்ளக்கொல்லையில் தாயம் உருட்டினார்கள். நடுவில் கம்பம் நட்டுப் படத்தைப் பலகையோடு கட்டியிருந்தார்கள். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. உன் ஆற்றுக்கு எழுதத் தெரியாதோ என்று சேந்தனார் தினமும் கேட்டார். இடும்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சபை போனால் போகட்டும், தலை இருக்கிறது, செங்கல் இருக்கிறது. மேட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்?

மாதக் கடைசி நாள். வேடிக்கை பார்க்க ராசாவே சூளைமேட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். அங்கே வெயில்தான், மேற்கே மலைமேல் மட்டும் விடியலிலிருந்தே இருட்டிக் கிடந்தது. உச்சிப்பொழுதில் இடும்பன் கோரைப்பள்ளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். காற்றே இல்லை, கோரை மட்டும் அசைந்தது.

ஜமக்காளத்தின் ஓரம் மெல்லத் தூக்கியது. தாயக்கட்டை மிதந்தது. சேந்தனார் துள்ளி எழப் பார்த்தார்.

"ஒப்பம் இன்னும் முடியவில்லையே, உட்காருங்கள்," என்றார் மேட்டிலிருந்து ராசா.

தண்ணீர் மார்பைத் தொட்டபோது பேச்சாயியும் ஆட்களும் பரிசலோடு வந்தார்கள். பிரதானி விளிம்பைத் தாவிப் பிடித்தார். "காஞ்ச எடமாச்சே சாமி, நடந்தே வரலாமே," என்று சொல்லிக்கொண்டேதான் அவள் அவரைத் தூக்கிப் போட்டாள். இடும்பன் பலகையைத் தலைமேல் சுமந்து கரையேறினான்.

படம் முழுக்க ஒரே செம்மண் கறை. ராசா குனிந்து பார்த்து, ஒப்பம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்றார்.

"ஆள் பெரிய ஆள், அரசே."

ராசா வெடித்துச் சிரித்தார். பிரதானியின் மாளிகை ஆசையை இடும்பன் அப்போதுதான் சொன்னான். சூளைமேடு சூளைக்காரர்களுக்கே என்றும், இனி வெள்ளப் படத்தை ஐப்பசியில் வண்டல் படிந்த ஓரம் பார்த்து நடந்து எழுத வேண்டும் என்றும் அங்கேயே ஆணையிட்டார். மாளிகை கட்டப் பள்ளக்கொல்லையைப் பிரதானிக்குக் கொடுத்தார். பிறகு இடும்பனிடம், உனக்கென்று என்ன வேண்டும் என்று கேட்டார்.

இடும்பன் பல் கிடுகிடுக்க நின்றான். "காய்ந்த வேட்டி ஒன்று போதும், அரசே. பிரதானியாரிடம் மட்டும் எடுத்துத் தரச் சொல்லாதீர்கள்."

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி, தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.