இட்லிக் கடை வைஃபையும் அழுத சேனையும்

முன்னொரு காலத்தில், வைஃபை வந்த பிறகும் ராஜாக்கள் ஒழியாத ஒரு காலத்தில், தூங்காவிழி வர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். சேவல் சண்டை வீடியோ பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அரண்மனைச் சுவரோ ஒன்பது முழக் கனம். வைஃபை அதைத் துளைத்து உள்ளே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். திரையில் சேவல் ஒரு காலைத் தூக்கினால், மறுகாலைத் தூக்க அமாவாசை வர வேண்டும். நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

சுவரை ஒட்டினாற்போலச் செங்கமலத்தின் இட்லிக் கடை. அவள் வைஃபை ராஜாவின் ஜன்னல் வழியே சாம்பார் வாசனையோடு சேர்ந்து பாய்ந்து வந்தது.

“இனி நாமும் அதையே உபயோகிப்போம்!” என்றார் ராஜா.

அரசவைக் கோணங்கி மாசிலாமணி எழுந்தான். “மகாராஜா, தங்களுக்கு ஆளுகிற தொழில். அவளுக்கு அவிக்கிற தொழில். இரண்டையும் ஒரே வைஃபையில் கட்டினால் இங்குள்ள சங்கதி அங்கே போகும், அங்குள்ளது இங்கே வரும்.”

மந்திரி இடும்பருக்கு மாசிலாமணியைக் கண்டாலே ஆகாது. ராஜா அவன் பேச்சுக்கு மட்டும் சிரிப்பார். இவர் பேச்சுக்குக் கொட்டாவி விடுவார். “ஓசிச் சட்னி தின்ற நாக்கு பரிந்து பேசுகிறது, பிரபோ!” என்றார் இடும்பர். செங்கமலத்திடம் பாஸ்வேர்டு வாங்கி வந்தார்கள்.

மூன்றாம் நாள், அண்டை நாட்டின்மேல் படையெடுக்கும் ரகசியத் திட்டத்தை இடும்பர் அச்சடிக்கப் போனார். திரையில் இரண்டு பிரிண்டர்களின் பெயர் தெரிந்தது. மேலே இருந்ததை அமுக்கினார். பன்னிரண்டு பக்கமும் இட்லிக் கடையில் போய் விழுந்தன. நல்ல காகிதமாக இருக்கிறதே என்று செங்கமலம் வடை கட்டிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் ஊரே வடை தின்று போர்த் திட்டம் படித்தது. அண்டை நாட்டுத் தூதர் நான்கு வடை வாங்கினார். ஆறாம் பக்கம் கிடைக்கவில்லை என்று மேலும் எட்டு வாங்கினார்.

“அவள் வேவுக்காரி, பிரபோ!” என்று குதித்தார் இடும்பர்.

ராஜா தீர்ப்பளித்தார்: “அடுத்தவர் ரகசியம் எவர் இடத்தில் வந்து விழுகிறதோ, அவர் ஒற்றர். நாளை உச்சிப் பொழுதுக்குள் இடத்தை இடித்து, ஆளை ஆற்றுக்கு அக்கரையில் விடுங்கள்!”

“எவராயிருந்தாலுமா, மகாராஜா?” என்றான் மாசிலாமணி.

“எவராயிருந்தாலும்!”

கடையில் செங்கமலம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். “ராஜா கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமாண்ணே? குடுத்தேன். இப்ப வேவுக்காரிங்கறாங்க. இந்தக் கடைய விட்டா எனக்கு வேற போக்கு ஏது?”

“அழாத தங்கச்சி,” என்றான் மாசிலாமணி. “காலையில ஆளுங்களுக்கு வேலைச் சீட்டு அடிப்பியே, அதை நாளைக்கும் அடி. ஆனா உன் பிரிண்டர் வேணாம். கீழ இன்னொரு பேரு இருக்கு பாரு, அதை அமுக்கு.”

ராஜாவின் அறைப் பிரிண்டரில் எது வந்தாலும் அது ராஜ கட்டளை, கேள்வி கேட்பவருக்குக் கசையடி என்று சட்டம் போட்டிருந்தவர் சாட்சாத் இடும்பரே. மறுநாள் விடிந்ததும் ராஜா குறட்டை விட்டுக்கொண்டிருக்க, பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. சேனாதிபதி பயபக்தியோடு படித்தார்:

“ஆறு மூட்டை வெங்காயம் உரிக்கவும். எட்டுப் படி உளுந்து ஆட்டவும். பேச்சு வேண்டாம்.”

யாரும் பேசவில்லை. யானைப்படை, குதிரைப்படை, காலாட்படை மூன்றும் மைதானத்தில் சம்மணமிட்டு வெங்காயம் உரித்தன. பதினாயிரம் வீரர்களும் மூக்கை உறிஞ்சிய சத்தம் ஏழு ஊருக்குக் கேட்டது. யானைகளே விசும்பின. சட்டம் போட்ட பாவத்துக்கு உளுந்து இடும்பர் தலையில் விழுந்தது.

சேனையே அழுகிறதென்றால் ராஜா போய்விட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தூதர் ஆள் உயர மாலையோடு ஓடி வந்தார். ராஜா கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

“யாருக்கய்யா மாலை?”

“தங்களுக்குத்தான்!” என்று சொல்லிவிட்டுத் தூதர் மயங்கி விழுந்தார்.

முழங்கை வரை மாவோடு இடும்பர் ஓடி வந்தார். “தங்கள் கட்டளைப்படி இரண்டு படி ஆட்டியாயிற்று, பிரபோ!”

“நான் எப்போதய்யா உளுந்து ஆட்டச் சொன்னேன்?”

இடும்பர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அடியில் ‘செங்கமலம் இட்லிக் கடை’ என்றிருந்தது. “இது அவளுடைய தாள்! அவள் கடைச் சமாசாரம்!” என்று அலறினார்.

மாசிலாமணி கைகட்டி முன்னே வந்தான். “மந்திரியார் சொல்வது சத்தியம். மாவுக்கு எத்தனை உளுந்து என்பது அவள் வெளியாள் யாருக்கும் சொல்லாத தொழில் ரகசியம். அது தங்கள் அறையில் வந்து விழுந்திருக்கிறது. தங்கள் தீர்ப்புப்படி அரண்மனையை இடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், மகாராஜா. ஒன்பது முழச் சுவராம், சற்று அவகாசம் கேட்கிறார்கள். ஆற்றில் பரிசலும் தயார். அக்கரைக்கு ஒருவரா, இருவரா என்றுதான் பரிசல்காரருக்குத் தெரிய வேண்டுமாம்.”

ராஜா மாவு வழியும் மந்திரியைப் பார்த்தார். மூக்கு சிவந்த சேனாதிபதியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கிரீடம் உருண்டு உளுந்து அண்டாவில் விழும் வரை நிறுத்தவில்லை. தீர்ப்பு அங்கேயே கிழிந்தது. செங்கமலத்துக்குக் கடையும் அவள் வைஃபையும் அவளுக்கே என்று பட்டயம் கிடைத்தது. கண் வீங்கிய சேனைக்கு எதிரி எந்தப் பக்கம் என்றே தெரியாததால் போரும் நின்றது.

அரண்மனைச் சுவரைத் துளைத்து ராஜா தனக்கென்று தனி இணைப்பு போட்டுக்கொண்டார். மாசிலாமணிக்கு முத்துமாலை சூட்டி, “புது பாஸ்வேர்டையும் நீரே வைத்துவிடும்” என்றார்.

அவனும் வைத்தான். அன்று முதல், ஓலை அனுப்புவதானாலும் சரி, சேவல் சண்டை பார்ப்பதானாலும் சரி, மந்திரி இடும்பர் உட்பட அரண்மனையில் அத்தனை பேரும் முதலில் இதைத் தட்ட வேண்டும்:

மாவாட்டியவர்மந்திரி.