பூஜ்யத்தில் தொடங்கும் பட்டை

"போர்டு மீட்டிங்ல என் கிராஃபை யாரும் பார்க்கவே மாட்டேங்கிறாங்கம்மா" என்றாள் குழல்வாய்மொழி.

"காட்டுங்க" என்றாள் தெபோரா.

குழல்வாய்மொழி, ஓசூருக்கு வெளியே கார் கதவுக் கீல்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவள். தெபோராவுக்கு அவளுடைய மகளின் வயதுதான் இருக்கும். ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியில், கம்பெனிக்காரர்களுக்கு கிராஃப் போடச் சொல்லித் தந்து பிழைக்கிறவள். அதிகம் பேசமாட்டாள் என்று பெயர். அதனாலேயே பலர் இரண்டாம் முறை வருவதில்லை.

குழல்வாய்மொழி லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

எந்தப் பிரிவில் எத்தனை விபத்து என்று சொல்லும் கிராஃப். பிரிவுக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஒரு நிறம். எல்லாம் கட்டடம் மாதிரி முப்பரிமாணத்தில் எழும்பி நின்றன. பின்னால் தொழிற்சாலையின் புகைப்படம். குறுக்கே கோடுகள். ஓரத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் சிரித்துக்கொண்டிருந்தது.

தெபோரா ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்தாள். லேப்டாப்பை மூடினாள்.

"எந்தப் பிரிவுல அதிகம்?"

"அது வந்து..." குழல்வாய்மொழி திறக்கப் போனாள்.

தெபோரா மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "திறக்காம சொல்லுங்க. இப்பத்தானே பார்த்தோம்."

"அதெப்படி ஒரு நொடியில சொல்ல முடியும்?"

"உங்க சேர்மன் எவ்வளவு நேரம் பார்ப்பார்?"

குழல்வாய்மொழிக்குச் சுருக்கென்றது. "நான் ராப்பகலா உட்கார்ந்து போட்டிருக்கேன்மா."

"தெரியுது" என்று தெபோரா லேப்டாப்பைத் திறந்தாள். "ஒண்ணை எடுங்க."

"எதை?"

"எதை வேணும்னாலும். எடுத்த பிறகும் விஷயம் விளங்குதுன்னா, திரும்ப வைக்காதீங்க."

குழல்வாய்மொழி புகைப்படத்தை எடுத்தாள். விளங்கியது. கோடுகளை எடுத்தாள். விளங்கியது.

"ஹெல்மெட்டையுமா?"

"அது யார் தலையைக் காப்பாத்துது?"

ஹெல்மெட் போனது.

முப்பரிமாணம் போனபோது பட்டைகளெல்லாம் தட்டையாகத் தரையில் விழுந்த மாதிரி இருந்தது. பிரிவுகளின் பெயர்கள் மட்டும் சாய்ந்து கிடந்தன. படிக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

"பட்டையைப் படுக்கப் போடுங்க. பேர் நிமிர்ந்துக்கும்" என்றாள் தெபோரா.

படுக்கப் போட்டாள். பெரியதை மேலே வைத்து, சிறியது கீழே வரும்படி அடுக்கினாள். கடைசியாக நிறங்கள் இருந்தன. அவற்றின் மேல் அவளுக்கு ஆசை. ஒவ்வொன்றாகச் சாம்பலாக்கினாள்.

"ஒண்ணை மட்டும் விட்டு வைக்கலாம்" என்றாள் தெபோரா. "எதைச் சொல்ல வந்தீங்களோ, அதை."

குழல்வாய்மொழியின் விரல் தயங்கியது. பிறகு மேலே இருந்த பட்டையைச் சிவப்பாக்கினாள்.

இரண்டாம் பிரஸ் ஷாப்.

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரிவு. மற்றதெல்லாம் குட்டையாகக் கிடக்க, அது மட்டும் திரையின் மறுகோடி வரை ஓடியது.

"இது உங்களுக்குப் புதுசா?" என்று கேட்டாள் தெபோரா.

"இல்ல. கை உள்ளே போனா மிஷினை நிறுத்துற சென்சாரை அங்கதான் கழட்டினாங்க. உற்பத்தி தாமதமாகுதாம். அன்னியிலேருந்தே எனக்குத் தெரியும்."

"அப்போ இத்தனை கலரும் எதுக்கு?"

குழல்வாய்மொழி லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல காற்று. அவளுக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது.

*

ஜெனரல் மேனேஜர் வரதராஜுலு புதிய கிராஃபைப் பார்த்தார். அவர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"இது வேணாம், மேடம்."

"ஏன் சார்?"

"புரியுது. அதான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. குழல்வாய்மொழியின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கார் அனுப்பியவர்.

"போர்டு மீட்டிங்ல பிரிவு வாரியா எதுக்கு? வருஷ வாரியா போடுங்க. போன வருஷம் நாற்பத்தொண்ணு, இந்த வருஷம் முப்பத்தெட்டு. குறைஞ்சிருக்கில்ல?"

"மூணுதானே சார் குறைஞ்சிருக்கு? ரெண்டு பட்டையும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"பூஜ்யத்துல ஆரம்பிச்சா அப்படித்தான் தெரியும். முப்பத்தஞ்சுல ஆரம்பிங்க."

அவரே மவுஸை வாங்கிச் செய்து காட்டினார். பட்டைகளின் அடிப்பாகம் திரைக்குக் கீழே போய் மறைந்தது. போன வருஷப் பட்டை உயரமாக நின்றது. இந்த வருஷப் பட்டை அதில் சரிபாதி.

"பாதியா குறையலையே சார்."

"பாதியா குறைஞ்சதுன்னு நான் எங்கே எழுதினேன்? எண் மேலேயே இருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கட்டும்." மவுஸைத் திருப்பித் தந்தார். "ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான். நிம்மதியா இருங்க, மேடம்."

*

"இது தப்பா, சரியா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் குழல்வாய்மொழி, மாடியறையில்.

தெபோரா பாதி உயரப் பட்டையைப் பார்த்தாள். எழுந்து போய், சுவரில் சாய்த்திருந்த வெள்ளைப் பலகையை மேஜை மேல் நிறுத்தினாள். எதிரே ஜன்னல் விளிம்பில் போனை வைத்தாள்.

"இப்படி வாங்க. பலகைக்குப் பின்னாடி, என் பக்கத்துல நில்லுங்க."

இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். தெபோரா கொஞ்சம் உயரம். அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. போன் தானாகப் படம் எடுத்தது.

படத்தில் பலகைக்கு மேலே தெபோராவின் முகம் மூக்கு வரை தெரிந்தது. குழல்வாய்மொழிக்கு நெற்றியும் முடியும் மட்டும்.

"இதுல உங்களைவிட நான் ரெண்டு மடங்கு உயரம்" என்றாள் தெபோரா.

குழல்வாய்மொழி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் என்ன செய்யட்டும்?" என்றாள்.

"நான் கிராஃப் சொல்லித் தர்றவ."

"வேலை போயிடும்."

"போகலாம்."

"உங்களுக்கென்ன? மாடியில உட்கார்ந்துக்கிட்டு எதை வேணா சொல்லலாம்!"

"நான் எதையும் சொல்லலையே" என்றாள் தெபோரா. உண்மையாகவே அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. அதுதான் குழல்வாய்மொழிக்குப் பொறுக்கவில்லை. லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினாள்.

*

மறுநாள் தொழிற்சாலை வாசலில் முனிரத்னம் சல்யூட் வைத்தான். இரண்டாம் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவன். வலது கையில் இரண்டு விரல் போன பிறகு வாசலில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். விரல் போன அன்று துணியைச் சுற்றி அவன் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனவள் குழல்வாய்மொழிதான்.

அவள் நின்றாள். என்ன தோன்றியதோ, லேப்டாப்பைத் திறந்து ஜெனரல் மேனேஜரின் கிராஃபை அவனிடம் காட்டினாள்.

"முனிரத்னம், இது நம்ம விபத்துக் கணக்கு. பார்த்தா என்ன தோணுது?"

அவன் குனிந்து பார்த்தான். முகம் மெல்ல மலர்ந்தது.

"பாதியாயிடுச்சா மேடம்!"

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"நல்லதாப் போச்சு. என் மச்சினனை அங்கதான் சேர்த்திருக்காங்க. வீட்ல தினமும் ஒரே அழுகை, அனுப்பாதே அனுப்பாதேன்னு. இன்னிக்குப் போய்ச் சொல்லிடறேன்." மீதி விரல்களால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். "நீங்க இருக்கறதாலதான் மேடம் குறைஞ்சிருக்கு."

"சொல்லாதே" என்றாள் குழல்வாய்மொழி.

"என்ன மேடம்?"

"வீட்ல எதுவும் சொல்லாதே. இது பொய்."

அந்தச் சொல் அவளிடமிருந்து அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

*

போர்டு மீட்டிங்கில் விளக்கை அணைத்தார்கள். வரதராஜுலு முன்வரிசையில் இருந்தார். குழல்வாய்மொழியின் முறை வந்தது. எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

சாம்பல் நிறத்தில் சில குட்டைப் பட்டைகள். மேலே சிவப்பாக ஒன்று, திரையின் மறுகோடி வரை.

வரதராஜுலு பாதி எழுந்தார். "இது நான் அனுமதி கொடுத்த ஸ்லைடு இல்ல."

"இல்ல சார்."

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"யாரையும் கேட்கல சார். அங்க போன விரலுங்களும் யாரையும் கேட்டுட்டுப் போகல."



"மேடம், உட்காருங்க."

"நிக்கிறேன் சார்."

"உங்களை உட்காரச் சொன்னேன்."

"கேட்டுது சார்."

 மேஜையைப் பிடித்துக்கொண்டாள். நின்றாள். ஸ்லைடை மாற்றவில்லை, விளக்கவும் இல்லை. பழைய கிராஃபாக இருந்தால் இத்தனை நேரத்தில் பத்து வாக்கியம் பேசியிருப்பாள்.

கோடியில் உட்கார்ந்திருந்த சேர்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் ஸ்லைடுகளின்போது போனைப் பார்க்கிறவர். இப்போது வாய்விட்டுப் படித்தார்.

"இரண்டாம் பிரஸ் ஷாப்."

பிறகு வரதராஜுலு பக்கம் திரும்பினார்.

"அங்கே என்னய்யா நடக்குது?"

*

சென்சார்கள் திரும்ப மாட்டப்படும் வரை இரண்டாம் பிரஸ் ஷாப் மூடிக் கிடந்தது. மாட்டினார்கள். திறந்தார்கள். முனிரத்னத்தின் மச்சினன் பத்து விரலோடு வேலைக்குப் போய் வருகிறான்.

குழல்வாய்மொழியைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சேர்மன் அவளுக்குக் கைகொடுத்தார் என்பது உண்மை. அவர் விமானம் ஏறிய மறுவாரமே வரதராஜுலு உத்தரவு போட்டார் என்பதும் உண்மை. இப்போது அவளுக்குக் கேண்டீன் பொறுப்பு. கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மின்விசிறி. போர்டு மீட்டிங்குக்கும் அவளுக்கும் இனி ஒரு சம்பந்தமும் கிடையாது.

அவள் மாடியறைக்கு வந்தாள்.

"கேண்டீன்ல போட்டுட்டாங்க, டீச்சர்."

இந்த முறை 'அம்மா' போய் 'டீச்சர்' வந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"சாப்பாடு எப்படி?" என்றாள் தெபோரா.

"நல்லாத்தான் இருக்கு. கிடைக்கறவங்களுக்கு."

குழல்வாய்மொழி லேப்டாப்பைத் திறந்தாள். யாரும் சொல்லாமலே வெள்ளைப் பின்னணி. பெயர்கள் நிமிர்ந்து நின்றன. சாப்பாடு தீர்ந்துபோய்ப் பட்டினியாகத் திரும்பியவர்கள் எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று சொல்லும் பட்டைகள். ஆபீஸ்காரர்களுக்குப் பட்டையே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டை மட்டும் நிறத்தோடு நீண்டு கிடந்தது.

தெபோரா பார்த்தாள். திருத்த ஒன்றும் இல்லை.

"இதை யார் கேட்டாங்க?"

"யாரும் கேட்கல."

"அடுத்த மீட்டிங் எப்போ?"

"எனக்கு அழைப்பு கிடையாது, டீச்சர்."

"நான் அதைக் கேட்கல" என்றாள் தெபோரா.