மடப்பள்ளியில் ஒரு பிடி உப்பு

மடத்துச் சமையல்காரர் தெய்வநாயகம் அறுபதைத் தாண்டியவர். குரு சொக்கலிங்க சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சாமி சின்னப் பையனாக மடத்துக்கு வந்த நாளிலிருந்து இவர் கைச்சோறுதான். ஆனாலும் குரு குருதான், இவர் சீடர்தான்.

அந்தச் சாமிக்குத்தான் ரத்தக்கொதிப்பு. ஊர் டாக்டரம்மா கையில் பட்டை கட்டி அளந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"மாத்திரை மட்டும் போதாது சாமி. உப்பைக் குறைக்கணும். இப்படியே விட்டா கிட்னி கெட்டுடும், இல்ல கைகால் விழுந்துடும்."

தெய்வநாயகம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே சின்னப் பானையில் தனியாக உப்பில்லாத குழம்பு வைத்துக் கொண்டுபோனார்.

சாமி தொடவில்லை. "பந்தியில எல்லாருக்கும் ஒரு சோறு, எனக்கு ஒரு சோறா? எடுத்துட்டுப் போங்க பெரியவரே."

"உங்க உசுரு சாமி!"

"அவங்களுக்கு உசுரு இல்லையா? எல்லாருக்கும் சேர்த்துக் குறைங்க."

நல்ல கூத்து! அந்த மடத்தில் படையல் முடியுமுன் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. படைத்த பிறகு குறை சொல்லக் கூடாது. தெய்வநாயகத்தின் கைதான் அளவு. எங்கேயோ தொடங்கிய உப்பு வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி எங்கேயோ போய் நின்றது. யார் போய்ச் சொல்வது?

"உப்பு குறைஞ்சா பந்தியில யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க சாமி. பாதி இலையோட எழுந்து போயிடுவாங்க. அப்புறம் எப்படிக் குறைக்கிறது?"

மறுநாள் காலை சாமி மடப்பள்ளிக்கே வந்துவிட்டார். கொதிக்கிற அண்டாவுக்கு மேலே தெய்வநாயகத்தின் கை நிறைய உப்பு. சாமி அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் திரும்ப உப்பு ஜாடியிலேயே போட்டார்.

"இப்போ போடுங்க."

தெய்வநாயகத்துக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இத்துனூண்டு எடுத்தா வியாதி போயிடுமா? யாரை ஏமாத்தறீங்க?"

"நம்ம நாக்கைத்தான்."

சில நாள் கழித்து இன்னொரு சிட்டிகை. பிறகு இன்னொன்று. ஒருவரும் பாதி இலையில் எழுந்திருக்கவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று.

டாக்டரம்மா மறுபடி அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவையும் அளந்தார். "நல்லா இறங்கியிருக்கு சாமி! பயப்பட ஒண்ணுமில்ல."

தெய்வநாயகம் அங்கேயே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

குருபூசை வந்தது. கூட்டம் தாங்காது என்று தெய்வநாயகத்தின் தம்பி கைலாசம் வெளியூரிலிருந்து உதவிக்கு வந்தார். போன குருபூசை வரை அண்ணனிடமே இருந்து தொழில் பழகியவர். அன்றைய குழம்பு அவர் கையில்.

முதல் கவளத்திலேயே பந்தி முழுக்கத் தண்ணீருக்குக் கை நீட்டியது. வழக்கத்தையும் மறந்து ஒருவர் கத்தியேவிட்டார். "அட சிவனே, கடலைக் கொண்டாந்து ஊத்திட்டீங்களா?"

தெய்வநாயகம் மடப்பள்ளிக்குள் ஓடினார். "என்னடா, இப்படி அள்ளிக் கொட்டியிருக்கே?"

"நீ சொல்லிக்கொடுத்த அளவுதாண்ணே. ஒரு கல்லுகூடக் கூட்டல."

தெய்வநாயகம் திரும்பி வந்து சாமியின் இலைக்கு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதையா சாமி இத்தனை வருஷமா உங்களுக்குப் போட்டேன்?"

"நானும் கேட்டு வாங்கித்தானே சாப்பிட்டேன்."

"நாக்கு எப்ப சாமி திருந்துச்சு? எனக்குத் தெரியவே இல்லையே!"

சாமி சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை அவரிடம் நீட்டினார்.

"கெட்டப்ப மட்டும் தெரிஞ்சுதா?"