செவலையின் இடது சீட்டு

மயிலாத்தாவுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காலமெல்லாம் லாரிக்குக் கீழே படுத்து ரிப்பேர் பார்த்துக் கிடந்த மனுஷன் ஒரு நாள் அவளுடைய கார் ரோட்டில் போவதைப் பார்த்தார். மறுநாள் காலையில் துடியலூரில் அவள் பட்டறை வாசலில் நின்றார்.

"பெட்ரோல் வண்டி கத்துக்கோணுமுங் அம்மிணி."

"டீ குடிச்சாச்சுங்களாண்ணா?"

"ஆச்சுங்."

"அப்ப உள்ள வாங்க."

அவ்வளவுதான். அவர் சீடரானார்.

அந்தக் காருக்குப் பேர் செவலை. பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, மயிலாத்தாவைவிட வயதில் மூத்தது. சிவப்பாக இருப்பதால் செவலை. காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை அவள்தான் கொண்டுவந்து ஓட வைத்திருந்தாள்.

கோத்தகிரிக்குப் பழைய கார்களின் மலையேற்றம் ஒன்று வந்தது. ஓட்டப்போவது மயிலாத்தா. இடது சீட்டில் ஒரு மெக்கானிக் உட்காரலாம்.

"அந்தச் சீட்டு யாருக்குங் அம்மிணி?"

"செவலையை நிக்காம மலை ஏத்தற மாதிரி யார் ரெடி பண்றாங்களோ, அவங்களுக்கு."

"வேற யாராவது போட்டிக்கு இருக்காங்களா?"

"இருக்காங்க. நான் ஒரு மூட்டை நெலக்கடலை வெச்சுக்கூடப் போயிக்குவேன்."

நாச்சிமுத்து அன்று சாயங்காலமே கூலிங் கிளாஸ் வாங்கிவிட்டார். அவர் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இனிமேல் அவர் பின்வாங்க முடியாது.

மலையேற்றத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் செவலையைக் குளிப்பாட்டித் துடைத்தார். மெழுகு போட்டார். பானெட், ஸ்டியரிங், நாலு சக்கரம், பின்னால் வெள்ளி மாதிரி மின்னுகிற டேங்க் மூடி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இட்டார். சூடம் காட்டினார். மயிலாத்தாவும் கும்பிட்டாள்.

அன்று மத்தியானம் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் செவலை ரெண்டு தரம் உதறியது. இழுவை குறைந்தது. அப்புறம் நின்றேவிட்டது.

"பெட்ரோல் போகலைங்" என்றார் நாச்சிமுத்து. அது சரிதான். லாரிக்காரர் என்றாலும் காது நல்ல காது.

அவர் இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்தார். மீட்டர் முள்ளை லாரிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். குச்சியை உள்ளே விட்டு நனைகிறதா என்று பார்த்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. எந்த வண்டி எங்கே நின்றாலும் முதல் வேலை அதுதான்.

மூடி திறந்தபோது 'உஸ்' என்று ஒரு சத்தம்.

"பாருங்க அம்மிணி, அலுத்துப்போயிப் பெருமூச்சு விடுது."

"பாவம்" என்றாள் மயிலாத்தா.

குச்சி பாதிக்கு மேல் நனைந்திருந்தது. மூடியை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி செவலை ஓடியது.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் கேட்டார்.

"அம்மிணி, ஒரு கோளாறைத் தேடறதுன்னா எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

"கடைசியா எங்க கை பட்டுச்சோ, அங்கிருந்து."

நாச்சிமுத்து யோசித்தார். முகம் மலர்ந்தது.

"கார்புரேட்டர்! போன வாரம் நீங்கதான அதக் கழட்டுனீங்க?"

"ஆமாங்கண்ணா."

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கைதான்."

"இருக்கும்" என்று அவள் கடலையை உரித்தாள்.

கார்புரேட்டரைப் பிரித்துத் துளை துளையாகக் காற்று அடித்தார். மாட்டினார். ஓட்டினார்கள். அதே ரோடு, அதே உதறல். இறங்கினார், மூடியைத் திறந்தார், உஸ், குச்சி, மூடி. வண்டி ஓடியது.

"ஃபில்டருங் அம்மிணி. அந்தக் கடைக்காரன் கைபட்ட சாமானே வெளங்காது."

ஃபில்டரை மாற்றினார். நின்றது. குச்சி விட்டார். ஓடியது.

பெட்ரோல் பம்பை மாற்றினார். டேங்கிலிருந்து வரும் குழாயை முழுசாக அவிழ்த்து ஊதினார். பெட்ரோல் வாயில் ஏறி, ரெண்டு நாள் எதைத் தின்றாலும் அவருக்குப் பங்க் வாசம் அடித்தது. பங்க்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று வேறு பங்க்குக்குப் போனார். செவலைக்கு எல்லாம் ஒன்றுதான். நின்றது. குச்சி விட்டதும் ஓடியது.

"எங்கிட்ட வெளையாடுதுங் இது. நான் எறங்குனாப் போதும், சரியாப் போகுது!"

"உங்களப் புடிக்கலையோ என்னமோ."

"அட, நீங்க வேறங்க அம்மிணி!"

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தது. அதற்குள் நாச்சிமுத்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கண்ணு பட்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரிதான். கூலிங் கிளாஸை அவள் பார்த்த பார்வையே சரியில்லை. எலுமிச்சம்பழம் அறுத்துச் சுற்றிப் போட்டார். காய்ந்துபோன பழைய பொட்டுகளின் மேலேயே இன்னும் கெட்டியாகச் சந்தனம் அப்பினார். டேங்க் மூடியில் வைத்தது வடை மாதிரி இருந்தது.

மயிலாத்தா அதைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

இந்தத் தடவை பெரியநாயக்கன்பாளையமே வரவில்லை. அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க, காரைத் தள்ளிட்டே கோத்தகிரி போறீங்களா?"

நாச்சிமுத்து ரோட்டோரத்தில் குந்த வைத்து உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து கூலிங் கிளாஸை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க அம்மிணி. நெலக்கடலை மூட்டைக்குப் போட்டு உடுங்க. எனக்குத் தெரியலை. இனி மாத்தறதுக்கு வண்டியில எதுவும் பாக்கி இல்லை."

"தண்ணி குடிங்கண்ணா" என்று பாட்டிலைக் கொடுத்தாள்.

அவர் அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றப் போனார்.

"அப்படி இல்லை. வாய் வெச்சுக் குடிங்க."

"உங்க பாட்டிலுங்க. எச்சில் ஆயிருமுங்."

"ஆனா ஆகட்டும். வாயை எடுக்காமக் குடிங்க. உதட்டை நல்லா இறுக்கிப் புடிச்சுக்கோணும்."

குரு சொன்னால் கேட்க வேண்டியதுதான். வாய் வைத்துக் குடித்தார். ஒரு வாய், ரெண்டு வாய், மூணு வாய். பாட்டிலின் விலா உள்ளே ஒடுங்கியது. அவர் கன்னமும் உள்ளே ஒடுங்கியது. கண் பிதுங்கியது. தண்ணீர் வருவது நின்றது. அதற்கு மேல் முடியாமல் வாயை எடுத்தார்.

'உஸ்' என்றது பாட்டில். அப்புறம் 'டப்' என்று பழையபடி உப்பியது.

"தண்ணி தீந்துருச்சுங்களா?"

"இல்லீங்க. பாதிக்கு மேல இருக்குது."

"அப்புறம் ஏன் வரலை?"

"காத்து உள்ள போனாத்தானுங்க தண்ணி வெளிய வரும்? இதென்ன பச்சைப் புள்ளைகிட்டக் கேக்கற மாதிரி..."

வாக்கியத்தை முடிக்காமல் அவர் பாட்டிலைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார்.

"அம்மிணி. அந்த உஸ்ஸு."

"எந்த உஸ்ஸு?"

"பெருமூச்சு இல்லைங் அது! உள்ள இழுக்கற சத்தம். நான் குச்சி விடறதுக்குத் தொறக்கறப்பெல்லாம் காத்துப் போயிருக்குது. அதான் ஓடியிருக்குது. குச்சியில ஒண்ணுமில்லை!"

எழுந்து ஓடினார். மூடியைக் கழற்றினார். உஸ். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசி முனை அளவு ஒரு துளை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துளை வழியே வானம் தெரியவில்லை.

மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினார். சந்தனம், அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"லாரி டேங்குக்குக் காத்துப் போகறதுக்குத் தனியாக் குழா இருக்குமுங்" என்றார். "இதுல நடுவுல ஒரு புள்ளி இருந்துச்சு. பொட்டு வெக்கறதுக்குன்னே அளவெடுத்து வெச்சிருக்கான்னு நெனச்சுட்டேன்."

மயிலாத்தா சிரிக்க ஆரம்பித்தாள். காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார், துளையைக் குத்திவிட்டார், வாய் வைத்து ஊதிப் பார்த்தார். மூடியை மாட்டினார்.

செவலை பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டியது. காரமடை தாண்டியது. மேட்டுப்பாளையம் போய், மலையடிவாரத்தில் முதல் வளைவு வரை ஏறித் திரும்பியது. எங்கேயும் உதறவில்லை. நாச்சிமுத்துதான் வழி முழுக்க உம்மென்று வந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங் அம்மிணி?"

"மொத நாளே."

"ஏன் சொல்லலை?"

"நீங்கதான் தேடிட்டிருந்தீங்களே. மொதல்ல என்னைச் சந்தேகப்பட்டீங்க. அப்புறம் ஃபில்டர் கடைக்காரன், பம்பு, பங்க்காரன், எதுத்த வீட்டு அக்கா. இன்னும் ஒரே ஒருத்தர்தான் பாக்கி. எப்படியும் வரிசையில வந்துருவாருன்னு இருந்தேன்."

அவர் ஊக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மயிலாத்தா செவலையை வெளியே எடுத்து நிறுத்தினாள். நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கூலிங் கிளாஸ் பையிலேயே இருந்தது. காரிலிருந்து எட்டத் தள்ளியே நின்றார்.

"ஏறுங்கண்ணா, நேரமாச்சு."

"நான் எப்படிங்க ஏறறது? வண்டி நின்னதே என்னாலதான். கோளாறே நான்தானுங்களே."

"கோளாறு பக்கத்துலயே உக்காந்து வந்தா நல்லதுதான். வழியில நின்னாத் தேட வேண்டியதில்லை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கூலிங் கிளாஸை எடுத்து மாட்டினார். இடது பக்கக் கதவைத் திறக்கப் போனவர் சட்டென்று நின்றார். முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த இன்னொரு கையை முன்னால் கொண்டுவந்தார். அதில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறனுங். மலைக்குப் போறோம். பொட்டு வெக்கலாமா, வேண்டாமா?"

"வைங்க."

"எங்க வெக்கட்டும்?"

மயிலாத்தா சாவியைத் திருகினாள். செவலை உறுமியது.

"அது மூச்சு விடற எடத்தை மட்டும் விட்டுட்டு, எங்க வேணா வைங்க."